ஒரே தாத்தா, மூணு தீசிஸ்

நான் பிஎச்டி பண்ணலைங்க. அதை முதல்லயே சொல்லிடறேன், இல்லைன்னா தலைப்பைப் பார்த்துட்டு "மேடம் உங்க யுனிவர்சிட்டில சீட் இருக்கா, கைடு எப்படிப் பிடிக்கறது"ன்னு யாராவது மெசேஜ் போடுவீங்க. நான் பண்றது பிஎச்டி பண்றவங்களுக்கு வேலை. அவங்க ஃபீல்டுக்குப் போறப்ப கூடப் போறது, தமிழ்ல கேள்வி கேட்டுக் குடுக்கறது, ரெக்கார்ட் பண்ணினதை வீட்டுல ஹெட்போன் மாட்டிக்கிட்டு வார்த்தைக்கு வார்த்தை டைப் அடிக்கறது, அப்புறம் அதை இங்கிலீஷ்ல போட்டு அனுப்பறது. சில பேர் ரிசர்ச் அசிஸ்டன்ட்னு சொல்வாங்க, சில பேர் டிரான்ஸ்கிரைபர்னு சொல்வாங்க, எங்க வீட்டுல "அந்த ரெக்கார்டிங் வேலை"ன்னு சொல்வாங்க, அவ்ளோதான்.

பெங்களூர்ல இந்த வேலைக்கு எப்பவும் ஆள் தேவைப்படுது. நிம்ஹான்ஸ், செயின்ட் ஜான்ஸ், நாகரபாவில ஐசெக்னு ஊரைச் சுத்தி ரிசர்ச் நடக்கற இடம் நிறைய, அங்க வர்ற ஸ்காலர்ஸ் பாதிப் பேர் கல்கத்தா, டெல்லி, கேரளா, அவங்களுக்கு கன்னடமே இப்பதான் "ஸ்வல்ப ஸ்வல்ப" வருது, இதுல அவங்க பேட்டி எடுக்கப் போற ஆளு ஹலசூருலயோ மர்ஃபி டவுன்லயோ ஸ்ரீராம்புரத்துலயோ இருக்கற தமிழ்ப் பாட்டியா இருந்தா என்ன பண்ணுவாங்க? நம்மளத்தான் கூப்பிடுவாங்க. அதுலயும் நான் கேஜிஎஃப்காரி, அதாவது கோலார் தங்க வயல். சாம்பியன் ரீஃப்ஸ்ங்கற சுரங்கப் பகுதில தொழிலாளிங்க லைன் வீட்டுல வளர்ந்தவ. அதனால எங்க ஊர் பத்தி யாராவது டாபிக் எடுத்தா சுத்திச் சுத்தி என் நம்பருக்குத்தான் போன் வரும்.

கேஜிஎஃப்னா அந்த சினிமாத் துப்பாக்கியும் தாடியும் ஞாபகம் வர்றவங்களுக்கு ஒரு சின்ன விளக்கம். பெங்களூர்லேருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர், பங்காரப்பேட்டைல பிரிஞ்சு போற கிளை லைன், கடைசி ஸ்டேஷன் மாரிக்குப்பம். ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ்னு ஒரு இங்கிலீஷ் கம்பெனி 1880ல உள்ள வந்துச்சு, வட ஆற்காடு பக்கத்துலேருந்தும் சித்தூர், சேலம் பக்கத்துலேருந்தும் நம்ம ஜனங்க, பெரும்பாலும் தலித் ஜனங்க, மூட்டை கட்டிக்கிட்டு வந்து இறங்கினாங்க. சிவனசமுத்திரத்துலேருந்து கரண்ட் 1902ல எங்க ஊருக்குத்தான் முதல்ல வந்துச்சு, பெங்களூர்ல தெருவிளக்கு எரிஞ்சது அதுக்கப்புறம் 1905ல. இதை ஒரு பெங்களூர்க்காரங்களையும் நான் சொல்லாம விட்டதில்ல. சுரங்கம் மூணு கிலோமீட்டருக்கும் கீழ போச்சு. 1956ல மைசூர் அரசாங்கம் எடுத்துக்கிச்சு, அப்புறம் மத்திய அரசு, அப்புறம் பிஜிஎம்எல்னு மத்திய அரசு கம்பெனி, 2001 பிப்ரவரி கடைசி நாள் மூடிட்டாங்க. அன்னைலேருந்து எங்க ஊர் காலைல அஞ்சு மணிக்கே ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்கு வந்து ராத்திரி திரும்பற ஊரா ஆயிடுச்சு. எங்களை மாதிரி சில பேர் தினம் ஏறி இறங்க முடியாம இங்கயே வாடகைக்கு வந்துட்டோம்.

இப்ப பாருங்க, இந்த ஊரு ஒண்ணு, ஆனா இதுல எத்தனை டிபார்ட்மென்ட்டுக்கு வேலை இருக்குன்னு. வரலாறு படிக்கறவங்களுக்கு காலனி காலத்து கம்பெனி, யூனியன், ஸ்ட்ரைக், தலித் சிந்தனையாளர் அயோத்திதாசர் ஆரம்பிச்ச தமிழன் பத்திரிகை அவர் இறந்ததுக்கப்புறம் 1920கள்ல எங்க ஊர்லேருந்து மறுபடியும் வெளிவந்த கதை, பௌத்த சங்கம், எல்லாம் இருக்கு. சோசியாலஜிக்காரங்களுக்கு சுரங்கம் மூடினதுக்கப்புறம் குடும்பங்க எப்படி உடைஞ்சுது, பொம்பளைங்க எப்படி கார்மென்ட்ஸுக்கும் வீட்டு வேலைக்கும் வந்தாங்க, சாதி எங்க மாறிச்சு எங்க மாறலன்னு. டாக்டருங்களுக்கு நுரையீரல். கல்லை உடைக்கறப்ப வர்ற சிலிக்கா தூசி உள்ள போய் உக்காந்து, வேலையை விட்டு பத்து இருபது வருஷம் கழிச்சுகூட மூச்சைப் பிடிக்கும், சிலிகோசிஸ்னு பேரு, அதுக்கு மருந்தே கிடையாது, அது இருந்தா டிபி வர்றதுக்கும் சான்ஸ் ஜாஸ்தி, நிறைய பேருக்கு டிபின்னே நினைச்சு மாத்திரை குடுத்து அனுப்பிடுவாங்க.

இந்த மூணு கூட்டத்துக்கும் நான் வேலை செஞ்சிருக்கேன். அதுல ஒரு கட்டத்துல மூணு ஸ்காலரும், ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாமலே, ஒரே தாத்தாகிட்ட வந்து நின்னாங்க. அவர் சுரங்கத்துல முப்பது வருஷத்துக்கு மேல அண்டர்கிரவுண்ட் வேலை பார்த்தவர், இப்ப பெங்களூர்ல மகன் வீட்டுல இருக்கார். நல்லாப் பேசுவார், ஞாபக சக்தி அபாரம், அப்படி ஒரு ஆளு இருந்தா ஊர்க்காரங்க கேக்கறவங்களுக்கெல்லாம் சொல்லத்தானே செய்வாங்க. அவர் யாருன்னு தெரிஞ்சிடக் கூடாதுன்னு இங்க சில விஷயத்தை மாத்தி எழுதறேன். அவர் கேட்டா திட்டுவார், ஏன்னு கடைசில புரியும்.

முதல்ல வந்தது ஹிஸ்டரி பொண்ணு, கேரளாக்காரி. ஸ்டேட் ஆர்க்கைவ்ஸ்னு அரசு ஆவணக் காப்பகத்துல மாசக்கணக்கா ஃபைல் பார்த்துட்டு வந்திருந்தா. அவ சொன்ன ஒரு விஷயம் எனக்கு அப்பவே உறைச்சுது. "அக்கா, அந்த ஃபைல்ல மைன் மேனேஜர் பேரு முழுசா இருக்கும், இனிஷியலோட இருக்கும், கூலிக்காரங்க மட்டும் இத்தனை பேர் செத்தாங்கன்னு எண்ணிக்கையா இருப்பாங்க, ஒரு பேரு கிடைச்சா எனக்கு அன்னிக்கு தீபாவளி." அதனால அவளுக்குப் பேருதான் எல்லாம். தாத்தா பேரு, அவங்க அப்பா பேரு, எந்த ஊர்லேருந்து வந்தாங்க, எந்த மேஸ்திரி கூட்டிட்டு வந்தான், அந்த மேஸ்திரி பேரு என்ன. அடிக்குறிப்புல "நேர்காணல், இன்னார், இந்த இடம், இந்தத் தேதி"ன்னு போடணும், நாளைக்கு இன்னொரு ஆளு போய் சரிபார்க்கலாம்ங்கறது அவங்க தொழில் தர்மம். பேரில்லாத சாட்சிய அவங்க கைடு ஒத்துக்கவே மாட்டாராம்.

அவகிட்ட தாத்தா சந்தோஷமாப் பேசினார். 1930ல நடந்த ஸ்ட்ரைக் பத்தி அவங்க அப்பா சொன்னதை எல்லாம் சொன்னார். கம்பெனிக்காரன் எல்லாத் தொழிலாளியும் கைரேகை வச்சு பதிவு பண்ணணும்னு கொண்டுவந்தான், ஜனங்க மாட்டோம்னு வேலைக்கு இறங்காம நின்னாங்க. "கைநாட்டு வச்சா நம்மள திருடன் மாதிரி வெச்சிருக்கான்னு அர்த்தம், எங்கப்பா வைக்கவே இல்ல மா"ன்னு அவர் சொன்னப்ப அந்தப் பொண்ணு நோட்டுல எழுதறதை விட்டுட்டு அவரையே பார்த்துட்டு இருந்தா. அவ ஃபைல்ல படிச்சது எதிர்ல உக்காந்து பேசுது இல்லையா.

அப்புறம் சோசியாலஜி பையன், கல்கத்தா. ரொம்ப அமைதி, ரெண்டு மணி நேரம் பேசினா அதுல அவன் பேசினது பத்து நிமிஷம் இருக்கும். அவனுக்கு வருஷம் முக்கியமில்ல, பேரும் முக்கியமில்ல. ஒரு தடவை தாத்தா ஒரு சம்பவத்தை தப்பான வருஷத்துல சொன்னார், நான் திருத்தப் போனேன், அவன் வேண்டாம்னு கண்ணக் காட்டினான். வெளில வந்து "அக்கா, அவர் ஏன் அதை அந்த வருஷத்துல போய் வைக்கறார்ங்கறதுதான் எனக்கு டேட்டா"ன்னான். சரிப்பான்னு விட்டேன். தீசிஸ்ல தாத்தாவுக்கு அவனே ஒரு பேரு வச்சான். அந்த ஏரியாவுக்கும் வேற பேரு. நான் டைப் பண்ணிக் குடுக்கறப்பவே ஒரிஜினல் பேரை எடுத்துட்டு புதுப் பேரைப் போடணும், எது யாருங்கற லிஸ்ட் தனி ஃபைல்ல பாஸ்வேர்டு போட்டு அவன்கிட்ட மட்டும்.

இதுல எனக்கு ஒரு சந்தேகம் எப்பவும் உண்டு. பேரை மாத்திட்டா மறைஞ்சிடுமா? எம்.என். ஸ்ரீனிவாஸ்னு சோசியாலஜில பெரிய ஆளு, கடைசிக் காலத்துல பெங்களூர்லதான் இருந்தார், 1999ல இங்கதான் இறந்தார், அவர் 1948ல மைசூர் பக்கத்துல ஒரு கிராமத்துல தங்கி ஆராய்ச்சி பண்ணிட்டு அதுக்கு ராம்புரான்னு பேரு வச்சார். அந்தக் குறிப்பெல்லாம் 1970ல அமெரிக்கால ஸ்டான்ஃபோர்டுல அவர் இருந்த இடத்துல யாரோ தீ வச்சதுல எரிஞ்சு போய், ஞாபகத்துலேருந்தே புஸ்தகம் எழுதினார்னு சோசியாலஜி படிக்கற எல்லாரும் சொல்லுவாங்க. ஆனா ராம்புரா எதுன்னு கேட்டா கொடகஹள்ளின்னு எல்லாருக்கும் தெரியும். எங்க கேஸ்லயும் அதே கதைதான், பேரை மாத்திட்டு "முன்னாள் யூனியன் கமிட்டி மெம்பர், நாலு பொண்ணு, ஒரே பையன், அவன் பெங்களூர்ல செக்யூரிட்டி"ன்னு எழுதினா எங்க ஊர்ல டீக்கடைல இருக்கற எவனும் அரை நிமிஷத்துல கண்டுபிடிச்சிடுவான். வெளியூர்க்காரனுக்கு மறையும், பக்கத்து வீட்டுக்காரனுக்கு மறையாது, ஆனா தாத்தாவுக்குப் பிரச்சனை வர்றதே பக்கத்து வீட்டுக்காரனாலதானே? இதை அந்தப் பையன்கிட்ட கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு பசங்க எண்ணிக்கைய எடுத்துட்டான். கேட்டதும் மாத்தினான் பாருங்க, அதுக்காகவே அவனை எனக்குப் பிடிக்கும்.

மூணாவதா டாக்டர். மதுரைக்காரர், எம்டி முடிச்சுட்டு அதுக்கு மேல பிஎச்டி. (எம்டிக்கும் ஒரு தீசிஸ் உண்டு, மூணு வருஷப் படிப்புல ஒரு பகுதி, அது வேற, இது வேற, கல்யாண வீட்டுல "டாக்டருக்கே எதுக்குடா டாக்டர் பட்டம்"னு கேட்டு அவரை ஓட்டுவாங்களாம்.) இவர் வர்றதுக்கு முன்னாடி பேப்பர் வந்துச்சு. எத்திக்ஸ் கமிட்டி (ஆராய்ச்சியால ஆளுங்களுக்குக் கெடுதல் வராதான்னு பார்க்கற குழு) அப்ரூவல், கன்சென்ட் ஃபார்ம்னு சம்மதப் படிவம் தமிழ்ல, அதை வேற ஆளை வச்சு திருப்பி இங்கிலீஷ்ல மாத்தி ரெண்டும் ஒத்துப் போகுதான்னு பார்த்தது, எத்தனை பேரை டெஸ்ட் பண்ணணும்னு போட்ட கணக்கு. ஐசிஎம்ஆர்னு இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 2017ல ஒரு வழிகாட்டி போட்டிருக்கு, மனுஷங்கள வச்சுப் பண்ற எல்லா மருத்துவ ஆராய்ச்சிக்கும் அதுதான். கமிட்டில ஏழு பேர்லேருந்து பதினஞ்சு பேர் வரைக்கும் இருக்கணும், தலைவர் அந்த இன்ஸ்டிட்யூட்டைச் சேராத வெளியாளா இருக்கணும், ஒரு வக்கீல், ஒரு சமூக விஞ்ஞானி, அப்புறம் ஒரு சாதாரண ஆளு, அதாவது டாக்டரும் இல்ல சயின்டிஸ்டும் இல்ல, நம்மள மாதிரி. அந்த சாதாரண ஆளை எங்கேருந்து பிடிக்கறாங்கன்னு பார்த்தா பெரும்பாலும் ரிடையர்டு ஹெட்மாஸ்டரா இருக்கார், அது போகட்டும்.

இவர்கிட்ட தாத்தா ஒரு நம்பர். பேரு ஒரு ரிஜிஸ்டர்ல இருக்கும், அது பூட்டின பீரோல, மத்த எல்லா பேப்பர்லயும் நம்பர் மட்டும். ஸ்பைரோமீட்டர்னு மூச்சை அளக்கற கருவில விடாம ஊதச் சொல்லி, எக்ஸ்ரே எடுத்து, ஐஎல்ஓ (சர்வதேச தொழிலாளர் அமைப்பு) குடுத்திருக்கற ஸ்டாண்டர்டு எக்ஸ்ரே படங்களோட ஒப்பிட்டு ரெண்டு டாக்டர் தனித்தனியா பார்த்து கிரேடு போடுவாங்க, அவங்களுக்கும் அது யாரோடதுன்னு தெரியக் கூடாது. தெரிஞ்சா "ஐயோ பாவம் முப்பது வருஷம் உள்ள இருந்தவர்"னு கண்ணு தானா நோயைத் தேடும்னு சொன்னார். இது எனக்கு ரொம்ப நியாயமாப் பட்டுச்சு. பேரை எடுக்கறது அவங்களுக்கு மரியாதைக்கு மட்டும் இல்ல, கணக்கு சரியா வர்றதுக்கும்தான்.

கையெழுத்து போடற இடத்துலதான் கலாட்டா. டாக்டர் கூட வந்த பையன், வயசானவரைப் பார்த்ததும் படிக்கத் தெரியாதுன்னு முடிவு பண்ணி, இங்க் பேடை நீட்டிட்டான். எழுதப் படிக்கத் தெரியாதவங்கன்னா கைரேகை, கூட சம்பந்தம் இல்லாத ஒரு சாட்சி கையெழுத்து, அதுதான் விதி, அவன் விதிப்படிதான் நடந்தான். தாத்தாவுக்கு வந்த கோபம் இருக்கே! "எங்கப்பனே வைக்கலடா, நான் வைப்பனா"ன்னு எழுந்துட்டார். டாக்டருக்கு ஒண்ணும் புரியல, அவர் 1930 ஸ்ட்ரைக் பத்திக் கேள்விப்பட்டதே இல்ல. ஹிஸ்டரி பொண்ணோட ஆடியோவை டைப் பண்ணினது நான், அதனால எனக்குப் புரிஞ்சுது, ஆனா அந்த ரெக்கார்டிங்ல இருக்கறதை நான் வெளில சொல்லக் கூடாது இல்ல? அதனால பொதுவா "சார், எங்க ஊர்ல கைரேகைக்குப் பழைய கதை இருக்கு, பேனா குடுங்க"ன்னு மட்டும் சொன்னேன். தாத்தா பேனா வாங்கி, இனிஷியலோட, கீழ ஒரு கோடு இழுத்து, இங்கிலீஷ்ல கையெழுத்துப் போட்டார்.

டாக்டர் நல்ல மனுஷன். திரும்பி வர்றப்ப மெட்ரோல ஹெச்.எம். கதை சொன்னார். அமெரிக்கால ஒருத்தருக்கு வலிப்புக்காக 1953ல மூளைல ஆபரேஷன் பண்ணினாங்க, அதுக்கப்புறம் அவருக்குப் புதுசா எந்த ஞாபகமும் தங்கல, அவரை வச்சுதான் ஞாபக சக்தி மூளைல எங்க உருவாகுதுன்னே உலகத்துக்குத் தெரிஞ்சுது. எல்லாப் புஸ்தகத்துலயும் ஹெச்.எம்., ரெண்டே எழுத்து. 2008ல அவர் இறந்ததுக்கப்புறம்தான் ஹென்றி மொலைசன்னு பேரு வெளில வந்துச்சு. "உயிரோட இருக்கறவரைக்கும் எழுத்து, செத்தா பேரு, எங்க ஃபீல்டு அப்படித்தான் அக்கா"ன்னார். ஹிஸ்டரிக்காரங்க ஃபைல்ல செத்தவங்கதான் எண்ணிக்கை ஆயிட்டாங்கன்னு நான் சொன்னேன், சிரிச்சார்.

மூணு பேர் ஆடியோவையும் டைப் பண்றதுலயே எவ்ளோ வித்தியாசம்னு சொன்னா நம்ப மாட்டீங்க. தாத்தா பேச்சுக்கு நடுவுல இருமுவார். ஹிஸ்டரி பொண்ணு அதை விட்டுடுங்கன்னு சொல்லிட்டா, வாக்கியம் முழுசா இருந்தா போதும். சோசியாலஜி பையனுக்கு இருமல், பெருமூச்சு, எவ்ளோ நேரம் பேசாம இருந்தார், மருமக உள்ள பாத்திரம் போட்ட சத்தம், எல்லாம் அடைப்புக்குறில வேணும், பேசாம இருந்தது பேசினதைவிட முக்கியம்னு சொல்லுவான். டாக்டருக்கு இருமல் மட்டும்தான் வேணும்! சளியோட இருமல் வருஷத்துல மூணு மாசம், தொடர்ந்து ரெண்டு வருஷம் இருந்துச்சா, அது கிரானிக் பிராங்கைட்டிஸுக்கு இலக்கணம், ஆமா இல்லைன்னு டிக் பண்ணணும். தாத்தா அதுக்கு "அடைமழைல ஆரம்பிச்சு பொங்கல் வரைக்கும் இருக்கும், ஆனா என் பேத்தி பிறந்த வருஷம் இல்ல, அந்த வருஷம் சந்தோஷம்"னார். டாக்டர் என்னைப் பார்க்கறார், நான் டாக்டரைப் பார்க்கறேன், எந்தக் கட்டத்துல டிக் பண்றது? சோசியாலஜி பையனா இருந்தா அந்த ஒரு வரிக்கு ஒரு அத்தியாயம் எழுதியிருப்பான்.

நடுவுல காசு விஷயத்தையும் சொல்லிடறேன், ஏன்னா இதை யாரும் எழுதறதில்ல. நெட்னு தேசியத் தேர்வு எழுதி ஜேஆர்எஃப்ங்கற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினவங்களுக்கு 2023லேருந்து மாசம் 37,000, ரெண்டு வருஷம் கழிச்சு அடுத்த கட்டமான எஸ்ஆர்எஃப் ஆனா 42,000. ஜேஆர்எஃப் இல்லாம சென்ட்ரல் யுனிவர்சிட்டில பண்றவங்களுக்கு 8,000, அதுல பெங்களூர்ல பிஜி ஹாஸ்டல் வாடகையே கட்ட முடியாது. எனக்குத் தர வேண்டிய காசு கன்டிஜன்சின்னு ஒரு சில்லறைச் செலவுத் தலைப்புலேருந்து வரணும், ஜேஆர்எஃப்ல ஹியூமானிட்டீஸுக்கும் சோசியல் சயின்ஸுக்கும் அது முதல் ரெண்டு வருஷம் வருஷத்துக்கு 10,000, அப்புறம் 20,500. இதுலதான் புஸ்தகம், ஜெராக்ஸ், பஸ், ரயில், நான். அதனால ஹிஸ்டரி, சோசியாலஜி பசங்ககிட்ட நான் கம்மியாத்தான் வாங்குவேன், மெடிக்கல் பிராஜெக்ட்ல பட்ஜெட்லயே டேட்டா கலெக்‌ஷன்னு ஒரு வரி இருக்கும், அங்க முழு ரேட். இது நியாயமான்னு கேட்டா, நியாயம்தான், என் கடை என் ரேட். ஒரு இன்ஸ்டிட்யூட்ல பில் பாஸ் பண்றதுக்கு என் பான் கார்டு, கேன்சல்டு செக், ஜிஎஸ்டி இல்லைன்னு ஒரு டிக்ளரேஷன், எல்லாம் வாங்கிட்டு அடுத்த நிதியாண்டுலதான் காசு போட்டாங்க, பேரு சொல்ல மாட்டேன்.

"இப்பதான் ஏஐ வந்துடுச்சே, அதுவே டைப் பண்ணுமே"ன்னு கேக்கறவங்களுக்கு: பண்ணும். நியூஸ் வாசிக்கற தமிழ்னா நல்லாவே பண்ணும். கேஜிஎஃப் தாத்தா ஒரே வாக்கியத்துல தமிழ், தெலுங்கு, கன்னடம், ஆங்கிலோ இந்தியன் ஃபோர்மேன் இங்கிலீஷ் நாலையும் கலந்து, பல்லு இல்லாம, பின்னாடி டிவி சீரியல் ஓடறப்ப பேசினதைக் குடுத்துப் பாருங்க. அதுவும் இல்லாம பாஸ்வேர்டு போட்டு வைக்கணும்னு கமிட்டிக்கு எழுதிக் குடுத்துட்டு அதே ஆடியோவை ஏதோ ஒரு ஃப்ரீ வெப்சைட்ல அப்லோட் பண்றது எந்த ஊர் எத்திக்ஸோ.

சரி, மூணுல எது சரின்னு என்னைக் கேட்டா, நான் டாக்டர் பக்கம்தான் முதல்ல சாய்வேன், இது எனக்கே ஆச்சரியம். அந்த ஃபார்ம் நீளம், வறட்சி, ஆனா ஆராய்ச்சி எதுக்கு, என்ன பண்ணுவோம், வேணாம்னா எப்ப வேணா விலகலாம், விலகினா வைத்தியம் நிக்காது, யாருக்குப் போன் பண்ணணும்னு எல்லாம் உரக்கப் படிச்சுக் காட்டினது அவங்க மட்டும்தான். தாத்தாவுக்கு நோய் இருக்குன்னு வெளில தெரிஞ்சா பேத்திக்கு சம்பந்தம் பேசறப்ப "அந்த வீட்டுல டிபி"ன்னு ஒருத்தன் கிளப்பிவிடுவான், அப்ப நம்பர்தான் காப்பாத்தும். ஆனா தாத்தா யூனியன்ல நின்னதை, அடி வாங்கினதை, அவங்க அப்பா கைரேகை வைக்காததை எழுதறப்ப அந்த நம்பர் வச்சா அது அநியாயம், கம்பெனிக்காரன் ஃபைல்ல எண்ணிக்கையா வச்சானே அதையே நாமளும் பண்ற மாதிரி. அமெரிக்கால 2019லேருந்து நடைமுறைக்கு வந்த விதில வாய்மொழி வரலாறு, வாழ்க்கை வரலாறு மாதிரி வேலைய எல்லாம் மருத்துவ ஆராய்ச்சிக்கு உண்டான அந்த கமிட்டி விதிலேருந்து தனியா வெளில எடுத்துட்டாங்களாம், ஹிஸ்டரி பொண்ணு சொன்னா. அது சரின்னுதான் எனக்குத் தோணுது. எனக்கு வருத்தம் என்னன்னா, மூணு ஃபார்ம்லயும் இதை முடிவு பண்ணினது அவங்க டிபார்ட்மென்ட். பேரு போடலாமா, மாத்தணுமா, நம்பர் போதுமான்னு மூணு கட்டம் போட்டு தாத்தாகிட்ட ஒருத்தரும் கேக்கல. இப்ப நான் போற புது வேலைல எல்லாம் கேக்கச் சொல்றேன். சில ஸ்காலர்ஸ் "கமிட்டி ஒத்துக்காது அக்கா"ங்கறாங்க, ஒருத்தி மட்டும் போய்ப் பேசி வாங்கிட்டு வந்தா.

பேரு விஷயம் எனக்கும் உண்டு, மறைக்க என்ன இருக்கு. ஹிஸ்டரி தீசிஸ் முன்னுரைல என் முழுப் பேரு இருக்கு, ஸ்பெல்லிங் கரெக்டா. சோசியாலஜி தீசிஸ்ல என் பேரையும் மாத்திட்டான், ஏன்னா என் பேரை வச்சு ஏரியாவைக் கண்டுபிடிச்சிடலாம்னு, நன்றி சொல்ற இடத்துல யாரோ ஒரு "லதா"வுக்கு நன்றி. எங்க அம்மா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுட்டு "யாருடி அந்த லதா, நீதானே வெயில்ல போன"ன்னாங்க. டாக்டரோடது இன்னும் சப்மிட் ஆகல.

இதுல கதை எப்படித் திரும்பிச்சுன்னா, முன்னாடியெல்லாம் தீசிஸ்னா நூலகத்துல கறுப்பு பைண்டு போட்டுத் தூசி படிஞ்சு கிடக்கும், கைடும் வைவாங்கற வாய்மொழித் தேர்வுக்கு வந்தவரும் தவிர யாரும் தொட மாட்டாங்க. யுனிவர்சிட்டிங்களுக்கு விதி போடற யுஜிசி 2009ல எல்லா பிஎச்டியும் டிஜிட்டல் காப்பி குடுக்கணும்னு விதி போட்டுச்சு, அதெல்லாம் ஷோத்கங்கான்னு தீசிஸ் வைக்கற வெப்சைட்ல ஏறுது, யார் வேணா வீட்டுல உக்காந்து டவுன்லோட் பண்ணலாம். ஹிஸ்டரி பொண்ணோடதும் ஏறிடுச்சு. தாத்தாவோட பேரன், இங்க டிப்ளமா படிக்கறவன், சும்மா தாத்தா பேரை கூகுள்ல போட்டுப் பார்த்திருக்கான், வந்துடுச்சு. அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து வீட்டுல எல்லாருக்கும் காட்டி, மகனுக்குக் கொஞ்சம் பயம், "பென்ஷன் கேஸுக்கு ஏதாவது ஆகுமா"ன்னு எனக்குப் போன் பண்ணினார், ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னேன், அப்படி எதுவும் அதுல இல்ல.

தாத்தா எனக்குத் தனியா போன் பண்ணினார். சந்தோஷமா இருப்பார்னு எடுத்தா, செம கோவம். பேரு போட்டதுக்கு இல்ல. அவர் வேலை பார்த்த ஷாஃப்டை, அதாவது சுரங்கத்துக்குள்ள இறங்கற குழியை, மாத்தி வேற ஷாஃப்ட் பேரைப் போட்டுட்டாங்களாம். "அந்த ஷாஃப்ட்காரங்க கால்பந்துல எங்ககிட்ட தோத்தவங்க பாப்பா, நான் போய் அங்க வேலை பார்ப்பனா?" நான் என் டிரான்ஸ்கிரிப்டை எடுத்துப் பார்த்தேன், அதுல சரியாத்தான் இருக்கு, அந்தப் பொண்ணு எழுதறப்ப எங்கயோ மாறிப் போச்சு. அவகிட்ட சொன்னேன், தலைல கை வச்சுட்டா, தீசிஸ் குடுத்து பட்டமும் வாங்கியாச்சு, ஷோத்கங்கால இனிமே ஒரு எழுத்து மாத்தறதுக்கு யாருக்கு லெட்டர் எழுதணும்னே அவளுக்குத் தெரியல. புஸ்தகமா வர்றப்ப திருத்திடறேன்னு சத்தியம் பண்ணியிருக்கா. தாத்தாவுக்குப் போன் போட்டுப் பேசி மன்னிப்பும் கேட்டா. அதுக்கப்புறம் அவர் எப்ப எனக்குப் போன் பண்ணினாலும் முதல் கேள்வி "புஸ்தகம் வந்துச்சா", ரெண்டாவது கேள்வி, டாக்டர் எழுதறதுல ஷாஃப்ட் பேரு வருமா வராதா, வந்தா தன்கிட்ட ஒரு தடவை காட்டச் சொல்லுன்னு. டாக்டர்கிட்ட கேட்டேன், அவர் போட்ட அட்டவணைல ஷாஃப்ட்டே இல்லையாம், "அண்டர்கிரவுண்ட்ல எத்தனை வருஷம்"ங்கற ஒரு கட்டம் மட்டும்தானாம். அதை இன்னும் தாத்தாகிட்ட சொல்லல.